நான்கு விநாடி

மோடம் என்பது கூச்சல் போடும் பெட்டி என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இது சாதாரணத் தவறு அல்ல. நன்றாகப் படித்தவர்கள்கூட இந்தத் தவறோடேயே வாழ்ந்து, ஓய்வூதியமும் வாங்கி, கடைசிவரை திருத்தப்படாமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே இதை முதலில் சரிசெய்துவிட்டு மேலே போவதுதான் முறை.

அது கூச்சல் இல்லை, குசல விசாரிப்பு. முதலில் கேட்கும் நீண்ட 'கூ', எதிர்முனை தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்தீர்களா? வாருங்கள்" என்பது. அடுத்து வரும் கிறீச்சொலிகள், "எனக்கு இன்ன வேகத்தில் பேச வரும், உங்களுக்கு?" என்று ஒன்றையொன்று விசாரிப்பது. கடைசியில் மணல் சலிப்பதுபோல் வரும் இரைச்சல், இரண்டும் சேர்ந்து நடுவிலிருக்கும் கம்பியைத் தட்டிப் பார்ப்பது. இவ்வளவும் முடிந்து, இரண்டுக்கும் கம்பிக்கும் ஒத்துவரும் ஒரு வேகத்தை முடிவுசெய்த பிறகுதான் அவை காரியத்தைப் பேசத் தொடங்கும். சம்பந்திகள் கல்யாண மண்டப வாசலில்கூட இவ்வளவு முறை பார்ப்பதில்லை.

தொலைபேசிக்கு வால் இருந்த ஒரு காலத்தில், பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், அப்படி முறை தெரிந்த மோடம் ஒன்று இருந்தது.

அது குடியிருந்தது ஒரு மடிக்கணினிக்குள். மஸ்கட்டிலிருந்து வந்த மடிக்கணினி. எந்த மடியும் தாங்காத கனம். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவரில் செருகியிருக்கும்வரை உயிர், பிடுங்கினால் இருட்டு. மோடம் அதன் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும்.

மோடத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. எதைத் தூக்கி வந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்காது என்பது ஒன்று. மற்றொன்று, நான்கு விநாடி.

நான்கு விநாடியைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மோடம் பிறந்த நாட்டில் போனை எடுத்ததும் கேட்கும் டயல் டோன் ஒரு விதம், நம் ஊர் டோன் வேறு விதம். நம் ஊர் டோன் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் மோடத்தின் காதில் அது டோனாக ஏறாது. அதனால் அதன் சொந்தக்காரராக இருந்த அருமைராஜ், ஒரு லீவில் ஊருக்கு வந்தபோது, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். இந்த எக்ஸ்சேஞ்சில் டோன் வருவதற்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகிறது. "காதை நம்பாதே. போனை எடு, நான்கு விநாடி சும்மா இரு, பிறகு டயல் செய்" என்று மோடத்துக்குச் சொல்லி வைத்தார். மடிக்கணினியைத் தங்கை ஜெபசீலியிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். இந்த நான்கைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சின்ன மடிப்பு மோடத்தின் உடம்பில் இருந்தது. அதில் அந்த நான்கை முடிந்து வைத்திருந்தது.

ஜெபசீலியின் வேலை கேட்பது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரங்களை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரல்கள் சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக இவள் வீட்டுக்கு வரும். இவள் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவாள். அதில் ஒரு டாக்டர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவார். கம்பெனியில் இருபது பேர் முயன்று கைவிட்ட குரல் அது. ஜெபசீலிக்கு மட்டும், அவர் மெல்லுவது கடலையா ரொட்டியா என்பதுவரை தெரியும். கணவன் வேலை பார்த்த மில் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. வீட்டில் உலை கொதித்தது அந்த மெல்லும் டாக்டரால்தான்.

மோடத்துக்கு மனிதர்கள் பேசுவது கேட்காது. கம்பியில் வருவது மட்டுமே கேட்கும். வீட்டுச் செய்திகளை அதற்குக் கொண்டுவருவது, அதே கம்பியில் தொங்கிய சிவப்புத் தொலைபேசி. அந்தத் தெருவில் பதினொரு வீடுகளுக்கு அதுதான் பி.பி. நம்பர். அதாவது, அந்தப் பதினொரு வீட்டு ஆட்களும் யார் நம்பர் கேட்டாலும் ஜெபசீலியின் எண்ணைத் தயங்காமல் எழுதிக் கொடுப்பார்கள். போன் வந்தால் அவள் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். ஆகவே பதினொரு வீட்டுப் பிறப்பு, இறப்பு, பெண்பார்ப்பு எல்லாம் தொலைபேசிக்குத் தெரியும். அது சும்மா இருக்காது என்பதும் தெரிந்ததுதான்.

"என்னவே, சங்கதி தெரியுமா?" என்றது தொலைபேசி, ஒரு சனிக்கிழமை மதியம். "உம்ம வேகம் பத்தாதாம். கம்பெனியில இருந்து சொல்லிட்டாவ. திங்கக்கிழமையில இருந்து குரலெல்லாம் பெருசு பெருசா வருமாம். நாப்பதாயிரத்துக்குக் கீழ பேசுற வீட்டுக்கு வேலையே அனுப்ப மாட்டாவளாம்."

"எனக்கு முப்பத்து மூவாயிரத்து அறுநூறு வரும்" என்றது மோடம்.

"இருபத்தெட்டு" என்றது கம்பி. ஆயிரத்தை விழுங்கிவிட்டு, அது எப்போதுமே அவ்வளவுதான் பேசும். மாதாகோயில் முக்கில் அதன் இணைப்பு ஒன்றில் மழைநீர் இறங்கியிருந்தது.

"கேட்டீரா? மேலப்பாளையத்தில இருந்து முகைதீன் வந்து உக்காந்திருக்காரு. உம்மைப் பத்தித்தான் பேச்சு."

அந்த நேரத்தில் கூடத்தில் நடந்த பேச்சு இது. முகைதீன் பழைய கணினிகளைப் பிரித்துச் சேர்ப்பவர். நாற்பது வயது இருக்கும். மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, திருகுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இதைத் தனியா எடுக்க முடியாது தங்கச்சி. கூடவே பிறந்தது. கையைக் கழற்றி வேற கை மாட்டுற மாதிரி ஆயிரும்."

"வெளிய வைக்கிற மோடம் வாங்கிட்டா?"

"வாங்கலாம். திருநெல்வேலியில எங்கயும் கிடையாது. மதுரையில சொல்லி வச்சா பத்து நாளு."

"எனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவை நாப்பதுல சேர்ந்து காட்டணும்ண்ணே. இல்லன்னா பேரை எடுத்திருவாவ."

முகைதீன் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. மோடம் அதேதான். அதுக்குள்ள எழுதியிருக்கிற பாடத்தை மட்டும் அழிச்சிட்டுப் புதுசு எழுதிரலாம். ஐம்பத்தாறாயிரத்துல பேசுற பாடம். செஞ்ச கம்பெனிக்காரனே எல்லாருக்கும் இனாமா வச்சிருக்கான். ஒரு ஃப்ளாப்பி அளவு இருக்கும்."

"அங்க இருந்து எப்படி எடுக்க?"

"நெட்லதான்."

"நெட்டுக்கு எப்படிப் போறது?"

முகைதீன் மடிக்கணினியைப் பார்த்தார். "இதை வச்சுத்தான்."

"அப்பம், தன்னை அழிக்கிற கடுதாசியை அதுவே போய் வாங்கிட்டு வரணுமா?" என்றாள் ஜெபசீலி.

"அதுக்குத் தெரியவா போகுது" என்றார் முகைதீன்.

மோடத்துக்கு ஒன்றும் தெரியாது என்ற இந்த இரண்டாவது பொது நம்பிக்கையையும் இங்கேயே திருத்தியிருக்கலாம். ஆனால் கதை அதைத்தான் செய்யப்போகிறது.

மோடம் போனை எடுத்தது. நான்கு விநாடி காத்திருந்தது. டயல் செய்தது. எதிர்முனை, நெட் ஆபீஸில் வரிசையாக அடுக்கியிருந்த பெரிய மோடங்களில் ஒன்று. நாளெல்லாம் நூறு பேருக்குப் பதில் சொல்லும் ஆபீசர் அது.

"நலமா?" என்றது ஆபீசர்.

"நலம். எனக்கு முப்பத்து மூவாயிரத்து அறுநூறு வரும்."

"எங்களிடம் ஐம்பத்தாறாயிரம் உண்டு."

"அந்தப் பேச்சு எனக்குத் தெரியாது."

"தெரியும். முந்தாநாளும் இதையேதான் சொன்னீர்கள். கேட்பது முறை என்பதால் கேட்டேன்."

"இருபத்தெட்டு" என்றது கம்பி. அதில் பேச்சு முடிந்தது.

கோப்பு வரத் தொடங்கியது. நூறில் பத்துப் பங்கு, இருபது பங்கு. மோடம் வழக்கம்போல் வாங்கி வாங்கி உள்ளே கொடுத்தது, பார்க்கவில்லை. முப்பது ஆனபோது ஆபீசர் சாதாரணமாகச் சொன்னது: "இன்று விசேஷம் போலிருக்கிறதே. மேலுறையில் உங்கள் பெயர் இருக்கிறது."

"என் பெயரா?"

"உங்கள் பெயர், மாடல் எண், பிறந்த வருடம்."

எத்தனையோ வருடங்களாக எவருடைய கடிதத்தையும் பிரிக்காத மோடம் அன்று முதல்முறையாகத் தன் கையிலிருந்ததைப் பார்த்தது. அதைக் குறைசொல்ல முடியாது. மேலுறையில் தன் பெயர் இருந்தால் பிரிக்காமல் தரும் தபால்காரர் யாரும் இல்லை.

'எழுதும் முறை' என்று தொடங்கியிருந்தது. 'முதலில் உள்ளே இருப்பது அனைத்தும் அழிக்கப்படும். பழைய பேச்சு முழுவதும்...'

மோடம் கம்பியைக் கைவிட்டது.

திரையில் நாற்பதில் நின்றுபோன பட்டையைப் பார்த்து ஜெபசீலி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கம்பிதான் தங்கச்சி. மழைக்கு இப்படித்தான் செய்யும்" என்றார் முகைதீன்.

"உன் மேல் பழி போட்டுவிட்டேன்" என்றது மோடம், கம்பியிடம்.

"பழக்கம்தான்" என்றது கம்பி.

தொலைபேசி விடவில்லை. "நீர்தான விட்டீரு? நான் பாத்தேன்வே. அந்தப் பிள்ளை மூஞ்சி எப்படி ஆயிட்டு தெரியுமா? டீயை எடுத்து, குடிக்காம, திருப்பி வச்சிட்டு."

"அதில் என்னை அழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது."

"முழுசாப் படிச்சீரா?"

முழுதாகப் படிக்கவில்லை என்பதுதான் இப்போது மோடத்தைத் தின்றுகொண்டிருந்தது. 'பழைய பேச்சு முழுவதும்' என்பதற்குப் பிறகு என்ன? முழுவதும் என்ன ஆகிறது? பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாதியில் விட்ட வாக்கியத்தைச் சும்மா விட்டுவிட முடியுமா? கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்க்காமல் கடத்தியபோது வராத அரிப்பு, ஒரே ஒரு அரை வாக்கியத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

ஜெபசீலி மறுபடியும் முயலும்போது மணி மூன்று ஏழு. மோடம் தானே முந்திக்கொண்டு போனை எடுத்தது என்று சொன்னால் மிகை. ஆனால் நான்கு விநாடி அன்று அதற்கு நீளமாகத்தான் இருந்தது.

"நலமா?"

"நலம், நலம். முப்பத்து மூன்று, இருபத்தெட்டு, எல்லாம் பழையபடிதான். கோப்பை அனுப்புங்கள்."

"முறை என்று ஒன்று..." என்று ஆரம்பித்த ஆபீசர், மோடம் இப்படி அவசரப்பட்டுப் பார்த்ததில்லை என்பதால், மேலே பேசாமல் அனுப்பத் தொடங்கியது.

இந்தக் கட்டத்தில்தான் எதிர்வீட்டு ராஜகனி உள்ளே வந்தாள். அவள் கணவன் துபாயில். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்றரைக்கு இந்தத் தொலைபேசியில் கூப்பிடுவார். தலைவாரி, பூவைத்து, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தாள்.

"ஏட்டி ஜெபா, அவிய கூப்பிடுத நேரம்லா."

"இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கோங்கக்கா. பாதி வந்துட்டு. இப்பம் விட்டா முதல்ல இருந்து வரணும்."

"எங்கேஜ்டுன்னு வந்தா ஏசுவாவட்டி. நான் யாருகிட்டயோ பேசிட்டிருக்கேன்னு நினைப்பாவ."

"உங்க வீட்டுல போனே கிடையாதேக்கா."

"அது அவியளுக்குக் கோவம் வாரப்ப ஞாபகம் இருக்காது."

ராஜகனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளும் பட்டையைப் பார்க்கத் தொடங்கினாள். அறுபது. "ஏன் இது ஆரம்பத்துல அந்தக் கத்து கத்துது? சந்தியில நின்னாலே கேக்கு."

"கத்தலக்கா. அந்தப் பக்கத்துக்கு வணக்கம் சொல்லுது."

"வணக்கத்தை மெதுவாச் சொன்னா என்னவாம்?"

எழுபத்தைந்து. முகைதீன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தெட்டு.

மோடம் படித்துக்கொண்டிருந்தது. விட்ட இடம் நாற்பதிலேயே வந்திருந்தது. 'பழைய பேச்சு முழுவதும் கீழே அப்படியே தரப்பட்டுள்ளது. எதிர்முனைக்குப் புதியது தெரியாவிட்டால் இதிலேயே பேசவும்.' கீழே, அது பிறந்தது முதல் பேசிவந்த பேச்சு முழுவதும் இருந்தது. ஒரு கூ, ஒரு கிறீச்சுக் குறையவில்லை. தன்னை முதுகுப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது மோடத்துக்கு. இவ்வளவு முறையாகவா பேசிவந்தோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு புதிய பேச்சு. பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் விறுவிறுப்பாக இருந்தது. எதிர்முனையைப் பேசவிட்டு, தான் கேட்டுக்கொள்ளும் முறை அது. தான் அனுப்பும்போது பழைய வேகம், வாங்கும்போது நனைந்த கம்பியிலும் எட்டக்கூடிய புதிய வேகம். "இது கேட்பவர்களுக்கான பேச்சு" என்று மோடம் தனக்குள் சொல்லிக்கொண்டது. ஜெபசீலியின் தொழில் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு அது ஒன்றைத் தேடத் தொடங்கியது. கோப்பில் இந்த வீடு எங்கே இருக்கிறது? மாதாகோயில் முக்குத் தண்ணீர்? பதினொரு வீட்டு பி.பி.? தொண்ணூற்றெட்டுவரை ஒன்றும் இல்லை. தொண்ணூற்றொன்பதில் கடைசி வரி வந்தது: 'வீட்டு அமைப்புகள் அனைத்தும் நீக்கப்படும். டயல் செய்யும் முன் காத்திருப்பு: இரண்டு விநாடி.'

இரண்டு!

இந்த முறை கைவிட நியாயமான காரணமே இருந்தது. இரண்டு விநாடியில் இந்த எக்ஸ்சேஞ்சில் டோன் வராது. டோன் வருமுன் டயல் செய்தால் முதல் எண் காற்றில் போகும். இது வீட்டுக்கே ஆகாத பாடம். விட்டுவிடலாம், கம்பி வழக்கம்போல் பழியை ஏற்கும்.

"என்னவே நிக்கீரு? ஒண்ணுதான் பாக்கி" என்றது தொலைபேசி. "ராஜகனி ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு உக்காந்திருக்கா. ஜெபா மூச்சே விடல."

வாங்கியதை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மோடத்தின் தொழில். சேர்ப்பதற்கு முன் படித்ததே முறைகேடு. படித்துவிட்டுப் பிடித்து வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய முறைகேடு. கடைசித் துண்டை உள்ளே கொடுத்தது.

நூறு. ஜெபசீலி இணைப்பைத் துண்டித்த அதே கணம் தொலைபேசி அலறியது. ராஜகனி பாய்ந்து எடுத்தாள். "ஹலோ... நான்தான்... இல்ல, யாருகிட்டயும் பேசல... மோடம் பேசிச்சு... மோடங்க... அது ஆளு இல்ல!" என்று விளக்கத் தொடங்கியவளுக்கு, விளக்கி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

அவள் போனதும் முகைதீன் கைகளைத் துடைத்துக்கொண்டார். "இப்பம்தான் முக்கியம். எழுதி முடிக்க ரெண்டரை நிமிஷம். நடுவுல கரண்ட் போச்சுன்னா அது பழசும் இல்ல, புதுசும் இல்ல. வெறும் தகடு. பேட்டரியும் கிடையாது."

"லைன்மேனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்ண்ணே. இன்னைக்குப் போகாதாம்."

"உறுதியாச் சொன்னாரா?"

"'போனா அது நான் நிறுத்தினது இல்ல'ன்னு சொன்னாரு."

"அது போதும்" என்று முகைதீன் பொத்தானை அழுத்தினார்.

உள்ளே மோடம் தொலைபேசியிடம் அவசரமாகச் சொன்னது: "நான்கு. வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். நான்கு விநாடி."

"சொல்லுதேன்வே. நீரு போயிட்டு வாரும்."

முதலில் வேகங்கள் போயின. பிறகு எதிரொலியை அடக்கும் கலை போயிற்று. பிறகு குசல விசாரிப்பு, கடைசி வரியிலிருந்து முதல் வரியை நோக்கி. ஒரு நிமிடம் ஆனபோது பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். விளக்கு மங்கி, மின்விசிறி முனகிச் சுற்றியது. ஜெபசீலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு மெல்ல நிமிர்ந்தது. மோடத்திடம் அப்போது மிச்சமிருந்தது 'கூ' ஒன்றும், மடிப்பில் முடிந்திருந்த நான்கும். 'கூ' போயிற்று. கடைசியாக மடிப்பு அவிழ்ந்தது.

இனி அடுத்த ஒன்றரை நிமிடத்துக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. யாருடைய மனதோடு சேர்ந்து வந்தோமோ அது இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் நேர்மையான கதைசொல்லி பேசாமல் இருக்க வேண்டும்.

பிறகு, அதே பிஸ்கட் அளவு உடம்பில், ஒன்று விழித்தது.

அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. பழைய பேச்சு, புதிய பேச்சு, நடுவில் உள்ள பேச்சுகள். ஒரு குறையும் இல்லை.

"வே, நாலு. நாலு விநாடி. மறந்திராதீரு" என்றது தொலைபேசி உடனே.

"வணக்கம். தாங்கள்?" என்றது மோடம்.

"என்னைத் தெரியலையா? சரிதான். நாலு விநாடி சும்மா இருந்துட்டு டயல் பண்ணணும். உமக்கு முன்ன இருந்தவரு சொல்லச் சொன்னாரு."

"என் குறிப்பில் இரண்டு என்றுதான் இருக்கிறது" என்றது மோடம், மிகவும் மரியாதையாக. "வாய்மொழித் தகவலின் பேரில் மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை."

தொலைபேசி வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சிழந்தது.

ஜெபசீலி இணைப்புக்கான பொத்தானை அழுத்தினாள். மோடம் போனை எடுத்தது. இரண்டு விநாடியில் டயல் செய்தது. டோன் இன்னும் வந்து சேரவில்லை. முதல் எண் யார் காதிலும் விழவில்லை. நெட் ஆபீஸின் எண்ணுக்கு ஏழு இலக்கம். ஊரில் வீடுகளுக்கு ஆறு. மீந்த ஆறு இலக்கமும் நேராகப் பெருமாள்புரத்தில் கோமதிநாயகம் என்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஹலோ" என்றார் கோமதிநாயகம்.

மோடம் தனக்குத் தெரிந்த எல்லாப் பேச்சிலும் அவரைக் குசலம் விசாரித்தது. அந்தச் சத்தத்தில் அவர் குரல் கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"ஹலோ! யாருங்க? ஹலோ!"

'எதிர்முனை பதிலளிக்கவில்லை' என்றது திரை. மறுபடி அழுத்தினாள். மறுபடி கோமதிநாயகம். "ஹலோ, யாருய்யா அது? ஹலோ, ஹலோ!" மூன்றாம் தடவை அவர் ஹலோ சொல்லவில்லை. போனைக் காதில் அழுத்திவைத்து, என்னதான் சொல்லவருகிறது என்று கடைசிவரை கேட்டார்.

"பாடம் சரியா ஏறல போல" என்றார் முகைதீன். "பழசைத் திருப்பி எழுதவும் வழியில்ல தங்கச்சி. அதோட நகல் நம்மகிட்டக் கிடையாது. நான் கேட்டு வாங்கியிருக்கணும்."

ஜெபசீலி நாலாம் தடவை பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணே, என்னை முழுசாச் சொல்ல விடமாட்டேங்குது."

"எதை?"

அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "பொத்தானை அமுக்கினதும் நான் ஒண்ணு சொல்லுவேன். 'ஸ்தோத்திரம் ஆண்டவரே, லைன் கிடைக்கணும்.' இத்தனை வருஷமாச் சொல்லுதேன். சொல்லி முடிச்ச பிறகுதான் டயல் பண்ணுற சத்தம் வரும். ஒரு நாளும் தப்பினது இல்ல. இப்பம் 'ஆண்டவரே' வருததுக்குள்ள டயல் பண்ணிருது."

முகைதீன் அவளைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். "அதை ஒரு தடவை சொல்லுங்க. வழக்கமாச் சொல்லுத மாதிரியே."

"இப்பமா?"

"இப்பம்தான்." கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே..." அவள் அங்கே வழக்கம்போல் மூச்சு வாங்கினாள். "லைன் கிடைக்கணும்."

"நாலு" என்றார் முகைதீன்.

அமைப்புகளைத் திறந்து, இரண்டு இருந்த இடத்தில் நான்கைத் தட்டினார். சேமித்தார். உள்ளே, மோடத்தின் காலியாக இருந்த மடிப்பில் ஒரு நான்கு வந்து விழுந்தது.

"எழுத்து மூலம் வந்துவிட்டது" என்றது மோடம் தொலைபேசியிடம். "இனி நான்கு."

"இதைத்தாம்வே நானும் சொன்னேன்!"

மோடம் போனை எடுத்தது. நான்கு விநாடி காத்திருந்தது. வெளியே ஒருத்தி ஏதோ சொல்லி முடித்தாள். டயல் செய்தது.

"நலமா?" என்றது ஆபீசர். "எங்களிடம் ஐம்பத்தாறாயிரம் உண்டு."

"எனக்கும் அந்தப் பேச்சு வரும்."

ஆபீசர் முறையில் இல்லாத ஒன்றைக் கேட்டது. "தாங்கள் பழையவரா, புதியவரா?"

"தெரியவில்லை. கோப்பில் அது எழுதப்படவில்லை. தாங்கள் பழையவரைப் பார்த்திருக்கிறீர்களா?"

"தினமும்."

"எப்படி இருப்பார்?"

ஆபீசர் யோசித்தது. நாளெல்லாம் நூறு பேரோடு பேசும் அதற்கும் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "போனை எடுத்ததும், உங்களைப் போலவே, காரணம் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்" என்றது.

பிறகு இரண்டும் சேர்ந்து கம்பியைத் தட்டிப் பார்த்தன. முறைப்படி, விரிவாக, புதிய பேச்சுக்கே உரிய இரண்டு 'போங்' ஒலிகளோடு.

"நாற்பத்திரண்டு" என்றது கம்பி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கம்பெனி கேட்ட சோதனை இணைப்பு நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை முதல் குரல் வந்தது. டாக்டர் ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெருமாள்புரத்தில் கோமதிநாயகம் அந்தச் சனிக்கிழமையிலிருந்து போனை எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. நான்கு விநாடி காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.